மேலே இருப்பது கண்ணாடியா, ஒலிபெருக்கியா?

23 பிப்ரவரி 2024, வெள்ளி, இரவு 8.50 (வந்த கேள்வி)

"எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டத்தில் இருக்கிறது. இன்று மாலை மழையில் மறுபடியும் படம் நின்றுவிட்டது. செயற்கைக்கோள் மேகத்துக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது, அங்கே மழை ஏது? 'அது வானத்தில் மாட்டிய கண்ணாடி, கீழிருந்து அடிக்கிற வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது' என்கிறார் என் தாத்தா. டிரான்ஸ்பாண்டர் என்பது அந்தக் கண்ணாடியின் பெயரா?"

23 பிப்ரவரி, இரவு 10.30

கண்ணாடி இல்லை, தம்பி. ஆனாலும் தாத்தா சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

1997 முதல் இந்த வட்டாரத்தில் டிஷ் பொருத்தி வருகிறேன். அதற்கு முன் தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்தேன். கூரை ஏறிய வீடுகளில் பாதியிலாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஏணியில் நின்றுகொண்டு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறேன். அது எனக்கு எப்போதும் மனக்குறைதான். இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

டிரான்ஸ்பாண்டர் என்பது செயற்கைக்கோளின் உள்ளே இருக்கும் ஒரு கருவித் தொடர். கீழிருந்து வந்து சேரும் மிக மெல்லிய அலையை வாங்குகிறது. அதன் அதிர்வெண்ணை மாற்றுகிறது. பெருக்குகிறது. புதிய அதிர்வெண்ணில் பூமிக்கு அனுப்புகிறது. உள்ளே இருப்பது பாட்டா, செய்தியா, யாரோ இருவரின் தொலைபேசிப் பேச்சா என்று அதற்குத் தெரியாது.

நான் பிறந்த தோட்டத்தில் இதே வேலையை மனிதர்கள் செய்தார்கள். அப்போது எல்லாம் பால்மரம். ஆபீஸ் கிராணி கத்தினால் மேட்டுக்காட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காது. நடுவில் குன்றின் மேல் ஒருவர் நிற்பார். கீழே கேட்டதை வாங்கி, மறுபக்கம் திரும்பி, தன் குரலில் ஓங்கிக் கத்துவார். ஆஸ்பத்திரி வண்டி வந்திருக்கிறது என்ற செய்தி என் அம்மாவுக்கு அப்படித்தான் போய்ச் சேரும். டிரான்ஸ்பாண்டர் அந்தக் குன்றின் மேல் நிற்பவர். குன்றின் உயரம் மட்டும் 35,786 கிலோமீட்டர்.

24 பிப்ரவரி, சனி, காலை 7.10

தாத்தாவின் கண்ணாடிக்கு வருகிறேன். அப்படி ஒன்று உண்மையில் பறந்தது. 1960 ஆகஸ்டில் அமெரிக்கா ஏவிய எக்கோ 1. ஏறக்குறைய 30 மீட்டர் விட்டமுள்ள பலூன், மேலே பளபளக்கும் உலோகப் பூச்சு. கீழிருந்து அடித்த அலை அதன் மேல் பட்டுச் சிதறித் திரும்பியது. பெருக்குவதற்கு உள்ளே எதுவும் கிடையாது. பலூனில் பட்ட அலை எல்லாப் பக்கமும் தெறிக்கும், அதில் நம் பக்கம் வருவது துளியிலும் துளி. அந்தத் துளியைப் பிடிக்கக் கீழே மிகப் பெரிய ஆன்டெனா வேண்டும். எக்கோ பறந்தது ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் உயரத்தில்தான். அதே கண்ணாடியை 36,000 கிலோமீட்டரில் மாட்டினால் லயத்து வரிசை வீட்டுக் கூரையில் இருக்கும் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு ஒன்றுமே வந்து சேராது.

இரண்டே ஆண்டில் அடுத்த படி வந்துவிட்டது. 1962 ஜூலை 10-இல் ஏவப்பட்ட டெல்ஸ்டாரில் ஒரே ஒரு டிரான்ஸ்பாண்டர். எடை 77 கிலோ. அதன் மேலிருந்த சூரியத் தகடுகள் தந்த மின்சாரம் 14 வாட், இன்றைய வீட்டு எல்இடி விளக்கு ஒன்றுக்கு ஆகும் அளவு. அதை வைத்துக்கொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படம் அனுப்பினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

24 பிப்ரவரி, இரவு 9.45

உள்ளே வரிசையாக என்ன இருக்கிறது என்று ஐயா ஒருவர் கேட்டார். அலை போகும் வழியிலேயே போகிறேன்.

முதலில் வாங்கும் ஆன்டெனா. அடுத்து வடிகட்டி. நமக்கு வேண்டிய அலைக்கற்றையை மட்டும் விட்டு, மற்றதை வாசலிலேயே நிறுத்தும். அடுத்து இரைச்சல் குறைந்த பெருக்கி. வந்த அலை மெல்லியது என்பதால் அதைத் தொடும் முதல் கை பதமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் சேர்ந்துவிட்ட இரைச்சலைப் பிறகு எதைக் கொண்டும் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்து அதிர்வெண் மாற்றி. கோளுக்குள்ளேயே சொந்தமாக ஒரு அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புதிய அலையாக வெளியே வரும். சி பேண்ட் என்ற அலைக்கற்றையில் மேலே ஏறுவது 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம், கீழே இறங்குவது 4 பக்கம். கணக்காகச் சொன்னால் 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி, 3,700 முதல் 4,200 வரை இறங்கும். ஒவ்வொன்றிலும் 2,225-ஐக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

அடுத்து, அந்த 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அறை அறையாகப் பிரிக்கும் வடிகட்டிகள். லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளக் கட்டடம், நடுவே தடுப்புச் சுவர்கள். ஓர் அறையும் அதன் சுவரும் சேர்ந்து 40 மெகாஹெர்ட்ஸ். அதில் குடியிருக்க 36, சுவருக்கு 4. ஆக 12 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தனியாக ஒரு சக்திப் பெருக்கி. அந்த ஓர் அறையைத்தான் ஒரு டிரான்ஸ்பாண்டர் என்று எண்ணுகிறோம். பெருக்கிய பின் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்து, அனுப்பும் ஆன்டெனாவுக்குக் கொடுப்பார்கள். முன்வாசலும் புழக்கடையும் 12 அறைக்கும் பொது என்று சொல்லலாம்.

ஓர் அறையில் ஒரு சேனல். மொத்தம் ஒரு கோடி மடங்கு பெருக்கம்.

25 பிப்ரவரி, ஞாயிறு, காலை 6.30

நேற்று கடைசியாக எழுதிய இரண்டும் தவறு.

ஈப்போவில் படிக்கும் தங்கை ஒருவர் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். கோளுக்குள் வந்து சேர்வது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. வெளியே போவது பல பத்து வாட், வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கு பேண்ட் என்ற அலைக்கற்றையில் நூறையும் தாண்டும். ஆகவே பெருக்கம் பத்தாயிரம் கோடி மடங்கு முதல் லட்சம் கோடி மடங்கு வரை. டெசிபெல் என்ற பெருக்க அளவில் 110 முதல் 120. ஒரு கோடி மடங்கு என்பது வெறும் 70 டெசிபெல், போதவே போதாது. நன்றி தங்கை.

ஓர் அறைக்கு ஒரு சேனல் என்பது அனலாக் காலத்துப் பழக்கம். டிஜிட்டலில் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் அதே 36 மெகாஹெர்ட்ஸ் அறையில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் குடியிருக்கின்றன. டிரான்ஸ்பாண்டர் மாறவில்லை. அது கொண்டுபோகும் மூட்டையைக் கட்டும் விதம் மாறிவிட்டது.

27 பிப்ரவரி, செவ்வாய், இரவு 10.05

12 அறை என்றீர்கள், பல கோள்களில் 24 என்று போட்டிருக்கிறதே என்று கேட்ட ஐயாவுக்கு. அலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை வைத்து இரட்டிப்பாக்குகிறார்கள். ஒரு தொகுதி செங்குத்தாக ஆடும், மற்றது கிடைமட்டமாக ஆடும். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தாலும் ஒன்றின் ஆன்டெனாவில் மற்றது பெரிதாகப் படாது. அப்படியும் சிறிது கசியும் என்பதால் இரண்டாவது வரிசையை 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைப்பார்கள். இந்த வரிசையின் சுவர், அந்த வரிசையின் அறை நடுவில் வந்து நிற்கும். செங்கல் அடுக்குவது போல.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு பழுதில் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் சரி பாதிச் சேனல்கள் வரவில்லை, மீதி பளிச்சென்று வந்தன. மூன்று முறை டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் கேபிளில் மின்னழுத்தம் அளந்தேன். டிஷ்ஷின் முனையில் அலையை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு வீட்டுப் பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டம். அந்த வீட்டுக் கேபிள் நீளமானது. நடுவில் போட்ட இணைப்பில் மழைநீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருந்தது. கிளம்பும்போது 18, மேலே போய்ச் சேரும்போது 14. எல்என்பி கடைசிவரை செங்குத்திலேயே நின்றுவிட்டது. பாதி டிரான்ஸ்பாண்டர்கள் அந்த வீட்டுக்கு இல்லாமலே போய்விட்டன. இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டேன், எல்லாம் வந்தது.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று: பாதி போனால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். முதலில் வோல்ட் பாருங்கள்.

2 மார்ச், சனி, மாலை 6.20

மழை பெய்துகொண்டிருக்கிறது. இங்கேயும் படம் நின்றுவிட்டது. மழையைப் பற்றி எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மழை செயற்கைக்கோளை ஒன்றும் செய்வதில்லை. கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் விஷயம். 36,000 கிலோமீட்டர் வெற்றிடத்தைத் தாண்டி வந்த அலை, நம் தலைக்கு மேல் ஐந்து கிலோமீட்டர் மழைக்குள் புகுந்து வர வேண்டும். கு பேண்டில் இறங்கும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். நம் ஊர் மழைத்துளியின் தடிமன் ஐந்து மில்லிமீட்டர் வரை போகும். அலைக்கும் துளிக்கும் அளவு நெருங்க நெருங்க, துளி அலையை விழுங்கவும் சிதறடிக்கவும் தொடங்கும். சி பேண்டில் அலை ஏழரை சென்டிமீட்டர். அதே மழையை அது பெரிதாகப் பொருட்படுத்தாமல் வந்துவிடும். ஆனால் அதற்குப் பெரிய டிஷ் வேண்டும், லயத்துக் கூரை தாங்காது. வீட்டுக்கு வீடு சிறிய டிஷ் என்ற வசதியைக் கு பேண்ட் தந்தது. அதற்கு நாம் தரும் விலை இந்த மாலை மழை.

இன்னொன்றும் நடக்கிறது. தெளிந்த வானம், இந்த அதிர்வெண்ணில் பார்த்தால், மிகக் குளிர்ந்தது, ஏறக்குறைய அமைதியானது. மழையோ நம் உடலைப் போலத் தானும் மெல்லிய அலைகளை வீசுகிறது. ஆகவே மழையில் வேண்டிய ஒலி குறைவதோடு வேண்டாத இரைச்சலும் கூடுகிறது. இரண்டு பக்கமும் அடி.

டிஷ்ஷுக்கு வந்து சேரும் சக்தி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். தெளிந்த நாளிலேயே 60 சென்டிமீட்டர் டிஷ் பிடிப்பது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதில் மழை முக்கால்வாசியைத் தின்றால் என்ன மிஞ்சும்? அனலாக் காலத்தில் படம் மெல்ல மெல்ல மங்கிப் பொரி பொரியாகும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை ஒரு குறையும் தெரியாது. எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும்.

என் அம்மா கடைசிக் காலத்தில் இரவு நாடகம் பார்ப்பார். மழையில் படம் நின்றதும், "மழை விடும் வரை அவர்கள் எங்கே இருப்பார்கள்?" என்று கேட்பார். மேலேயே இருக்கிறார்கள் அம்மா, அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள், நமக்குத்தான் வந்து சேரவில்லை என்பேன். அவர் அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

3 மார்ச், ஞாயிறு, இரவு 8.15

"எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை, ஆனாலும் நேற்று படம் ஆடியது" என்று தாப்பாவிலிருந்து அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். நேற்று நான் இறங்கும் வழியை மட்டும் எழுதினேன். ஏறும் வழியிலும் மழை உண்டு. கீழிருந்து அனுப்பும் நிலையத்தின் மேல் கனமழை பெய்தால், டிரான்ஸ்பாண்டரின் வாசலுக்கே அலை மெலிந்துதான் போய்ச் சேரும். அது தன்னிடம் வந்ததைத்தான் பெருக்கும். வந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். இதற்காக அனுப்பும் நிலையங்கள் மழை நேரத்தில் சக்தியைக் கூட்டி அனுப்பும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு.

நம் டிஷ்ஷுக்கு இருக்கும் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். நாட்டின் மியாசாட் கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், நிலநடுக்கோட்டின் மேல் நிற்கின்றன. சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் அது மேற்குத் தென்மேற்கில், தரையிலிருந்து ஏறக்குறைய 77 பாகை உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட உச்சந்தலை. அதனால்தான் நம் ஊர் டிஷ்கள் மல்லாந்து படுத்தது போல இருக்கின்றன. ஐரோப்பாவில் இருப்பவர்கள் கோளைத் தாழ்வாகத்தான் பார்க்க முடியும். அவர்களுடைய அலை மழைக்குள் சாய்வாக நெடுந்தூரம் வர வேண்டும், நமக்கோ நேர் மேலிருந்து இறங்குகிறது. நம் படத்தைக் கெடுக்கும் மழை நம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் பெய்யும் மழைதான். நாலாபுறமும் செம்பனை சூழ்ந்த லயத்தில்கூட டிஷ் வேலை செய்வதும் இந்த உயரத்தால்தான்.

8 மார்ச், வெள்ளி, அதிகாலை 5.40

எம்எச்370 விமானம் காணாமல் போய் இன்றோடு பத்து ஆண்டுகள். நம் நாட்டில் பலர் டிரான்ஸ்பாண்டர் என்ற சொல்லை முதலில் கேட்டது அந்த வாரத்தில்தான். காப்பிக் கடையில் அந்தச் சொல்லைச் சொல்லாத மேசை இல்லை. என்னிடம் வந்து, "நீ பொருத்துவதும் அதுதானே, அதை எப்படி நிறுத்த முடியும்?" என்று கேட்டவர்கள் பலர்.

இரண்டும் வேறு. விமானத்தில் இருப்பது கேட்டால் பதில் சொல்லும் கருவி. தரையிலிருந்து ரேடார் 1,030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும், விமானம் 1,090-இல் தன் எண்ணையும் உயரத்தையும் சொல்லும். டிரான்ஸ்மிட்டர், ரெஸ்பாண்டர் என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்துச் செய்த பெயர் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. செயற்கைக்கோளில் இருப்பது பதில் சொல்வதில்லை, வாங்கியதை மாற்றிக் கொடுக்கிறது. பெயர் மட்டும் ஒன்றாகிவிட்டது.

எம்எச்370 விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்வதை நிறுத்தியது அதிகாலை 1.21 மணி அளவில். அதன் பிறகும் காலை 8.19 வரை விமானத்தின் செயற்கைக்கோள் கருவியிலிருந்து சிறு சிறு சமிக்ஞைகள் எழுந்தன. இந்தியப் பெருங்கடலின் மேல் நின்ற இன்மர்சாட் கோள் அவற்றை 1.6 கிகாஹெர்ட்ஸில் வாங்கி, 3.6 ஆக மாற்றி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நிலையத்துக்கு இறக்கியது. படமில்லை, குரலில்லை, "இருக்கிறேன்" என்பது போன்ற ஒரு துடிப்பு.

பிறகு அந்தத் துடிப்புகளின் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் கணக்கில் அளந்து, விமானம் எந்தப் பக்கம் போனது என்று தேடினார்கள். அப்போது கோளின் டிரான்ஸ்பாண்டரையே கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. நான் முன்பு எழுதிய அதிர்வெண் மாற்றியை நினைவுகூருங்கள். அது தானே உண்டாக்கும் அலை வெப்பநிலைக்கு ஏற்ப மிகச் சிறிதளவு நகரும். அந்த இரவில் கோள் பூமியின் நிழலுக்குள் போய்க் குளிர்ந்தது. அந்த நகர்வையும் கழித்துத்தான் தென் இந்தியப் பெருங்கடல் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

239 பேர். ஒரு டிரான்ஸ்பாண்டர் மௌனமாகிவிட்டது. யார் என்று அறியாத இன்னொன்று மணிக்கணக்காக அவர்களின் துடிப்பை இறக்கிக்கொண்டே இருந்தது. இன்று இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

18 மார்ச், திங்கள், பிற்பகல் 3.00

சற்று முன், இரண்டு மணியைத் தாண்டி, படம் சில நிமிடங்கள் உடைந்தது. வானத்தில் மேகமே இல்லை. நான்கு வாடிக்கையாளர்கள் அழைத்துவிட்டார்கள். இது ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள் வரும். நம் டிஷ், செயற்கைக்கோள், சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. சூரியன் எல்லா அதிர்வெண்ணிலும் இரைந்துகொண்டே இருக்கும் பெரிய அடுப்பு. அதன் முன்னால் டிரான்ஸ்பாண்டரின் நூறு வாட் குரல் அமுங்கிவிடும். யாரும் எதையும் பழுது பார்க்க வேண்டாம். தானே சரியாகும்.

இந்த நாள்களை நான் காத்திருந்து பயன்படுத்துவேன். அந்தச் சில நிமிடங்களில் டிஷ்ஷின் முகத்தில் மரத்தின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், கோளை மறைப்பது அந்த மரத்தின் அந்தக் கிளைதான். எந்த மீட்டரும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கேள்வி கேட்ட தம்பி, நாளை இரண்டு மணிக்கு உங்கள் கூரையைப் பாருங்கள்.

19 மார்ச், செவ்வாய், இரவு 9.00

தம்பியின் பதில் வந்தது: ரம்புத்தான் நிழல், டிஷ்ஷின் கால்வாசியில். அப்படியானால் உங்கள் வீட்டில் மழைக்கு முன்பே கால்வாசி போய்க்கொண்டிருந்திருக்கிறது. மற்ற வீடுகளில் நிற்காத மழைக்கும் உங்கள் வீட்டில் நின்றதற்குக் காரணம் அதுதான். ஈர இலை இன்னும் மோசம்.

26 மார்ச், செவ்வாய், இரவு 11.20

பங்குனி உத்திரம் முடிந்து கால்கள் ஓய்ந்திருக்கின்றன. தோட்டத்துக் கோயிலில் ஒலிபெருக்கிச் செட்டைப் பார்த்துக்கொள்வது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. அங்கே நின்றபோது, முதல் நாள் நான் எழுதிய குன்றின் மேல் ஆள் உவமை எனக்கே போதவில்லை என்று பட்டது.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியின் முன்னால் நடந்துவிட்டார். கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. பெட்டியிலிருந்து வந்த ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி புகுந்து, வீரிட்டது. டிரான்ஸ்பாண்டர் அதிர்வெண்ணை மாற்றுவதன் காரணம் இதுதான். ஒரே கோளில், சில மீட்டர் இடைவெளியில், ஒரு பக்கம் ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவானதைக் கேட்கும் காது, மறுபக்கம் நூறு வாட் வாய். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் அது தன் குரலையே கேட்டு வீரிட்டுக்கொண்டிருக்கும். ஆறில் கேட்டு நான்கில் பேசினால் வாசலில் இருக்கும் வடிகட்டி அதன் சொந்தக் குரலை உள்ளே விடாது. குன்றின் மேல் நின்றவர் கேட்கும்போது கத்த மாட்டார், கத்தும்போது கேட்க மாட்டார். டிரான்ஸ்பாண்டர் இரண்டையும் ஒரே நொடியில், ஆண்டுக்கணக்கில் செய்கிறது. அந்த வித்தியாசத்தை நான் விட்டுவிட்டேன்.

இரண்டாவது பாடமும் அதே இரவில். நாதஸ்வரம் ஓங்கி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதே செட்டில் அன்னதான அறிவிப்பையும் சேர்த்தார்கள். இரண்டும் கரகரத்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஓர் இரைச்சல் வந்தது. பெருக்கியை அதன் உச்சம் வரை ஓட்டினால் இப்படித்தான். செயற்கைக்கோளிலும் ஒரு டிரான்ஸ்பாண்டரை ஒரே நிறுவனம் ஒரே அலைக்குப் பயன்படுத்தினால் உச்சத்தை ஒட்டி ஓட்டலாம். பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டால் அவர்களின் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, யாரும் அனுப்பாத புது அலைகள் முளைக்கும். அதைத் தவிர்க்கச் சக்தியைக் குறைத்து ஓட்டுவார்கள். அறை பெரிதாக இருந்தும் எல்லோரும் மெதுவாகப் பேச வேண்டிய நிலை. நான் அறிவிப்பாளரை நிறுத்தச் சொன்னேன். நாதஸ்வரம் முடிந்த பின் அவர் பேசினார்.

28 மார்ச், வியாழன், இரவு 9.30

அந்தச் சக்திப் பெருக்கி டிரான்சிஸ்டரா என்று கேட்டார் ஐயா. சி பேண்டில் பல இடங்களில் ஆம். கு பேண்டில் பெரும்பாலும் வெற்றிடக் குழாய். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் வால்வு ரேடியோ இருந்தது. திருகியதும் பேசாது, உள்ளே சிவந்து சூடேறிய பின்தான் செய்தி வாசிக்கும். அந்த வால்வின் வம்சம் பூமியில் அநேகமாக மறைந்துவிட்டது. மேலே இன்னும் உழைக்கிறது.

இதன் பெயர் பயண அலைக் குழாய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் இதை உருவாக்கிய ருடால்ஃப் கோம்ப்னர் கட்டடக் கலை படித்தவர். குழாயின் நடுவே எலெக்ட்ரான்கள் நேர்கோட்டில் ஓடும். அவற்றைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். நாம் பெருக்க வேண்டிய அலை சுருளின் கம்பி வழியே சுற்றிச் சுற்றி வர வேண்டியிருப்பதால், ஒளி வேகத்தில் ஓடினாலும் முன்னேறுவது மெதுவாக. அந்த வேகமும் எலெக்ட்ரான்களின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகும்போது, எலெக்ட்ரான்கள் தங்கள் சக்தியை அலைக்குக் கொடுத்துக்கொண்டே போகும். ஒரு முனையில் மெல்லியதாக நுழைந்தது மறுமுனையில் கொழுத்து வெளிவரும்.

பழைய குழாயை ஏன் விடவில்லை என்றால், கொடுத்த மின்சாரத்தில் பாதிக்கும் மேல் அலையாக மாற்றிவிடுகிறது. மேலே ஒவ்வொரு வாட்டும் சூரியத் தகட்டிலிருந்து வர வேண்டும். வீணாகும் ஒவ்வொரு வாட்டும் சூடாக நிற்கும், அங்கே வீசி ஆற்றக் காற்றில்லை.

30 மார்ச், சனி, காலை 7.00

பழுதானால் யார் போவது? யாரும் போக முடியாது. ஆகவே குழாய்களை உபரியாக வைத்து அனுப்புவார்கள். ஒன்று நின்றால் தரையிலிருந்து கட்டளை போய், இணைப்பு மாறி, உபரி வேலையைத் தொடங்கும். கோளே போய்விட்டால் பக்கத்துக் கோள்தான் கை கொடுக்க வேண்டும். 2006 டிசம்பரில் ஏவிய மியாசாட் 3, 2021 ஜூனில் பழுதானபோது, அதன் போக்குவரத்தை மற்றக் கோள்களுக்கு மாற்றினார்கள். அதன் இடத்தை நிரப்ப 2022 ஜூனில் மியாசாட் 3டி போனது. நாட்டின் முதல் கோளான மியாசாட் 1 ஏறியது 1996 ஜனவரியில். அந்தச் செய்தியைக் கேட்ட மாதத்தில்தான் நான் இந்தத் தொழிலுக்கு மாறுவது என்று முடிவு செய்தேன்.

6 ஏப்ரல், சனி, இரவு 8.40

இன்று தம்பியின் வீட்டுக்குப் போனேன். ரம்புத்தான் கிளையை வெட்டத் தாத்தா முதலில் ஒப்பவில்லை. அது பாட்டி வைத்த மரம். ஆகவே மரத்தை விட்டுவிட்டு, டிஷ்ஷைக் கூரையின் மறு ஓரத்துக்கு, நான்கு மீட்டர் தள்ளி மாற்றினேன். மீட்டரில் தரம் 58-இலிருந்து 81-க்கு ஏறியது. பழைய கேபிள் இணைப்பையும் வெட்டிப் புதிதாகப் போட்டுவிட்டேன்.

ஏணியிலிருந்து இறங்கியதும் தாத்தா கேட்டார்: "அப்படியானால் அது கண்ணாடி இல்லையா?"

கோயில் ஒலிபெருக்கியைச் சொன்னேன். மைக் வீரிட்டதை அவரும் கேட்டிருக்கிறார். சிறிது நேரம் மேற்கே மேலே பார்த்தார். "அங்கே கரன்ட் யார் கொடுக்கிறார்கள்?" என்றார். சூரியன் என்றேன். "இரவில்?" என்றார்.

இவ்வளவு எழுதியும் நான் தொடாமல் விட்ட நல்ல கேள்வி. பெரும்பாலான இரவுகளில் கோள் பூமியின் நிழலுக்கு வெளியேதான் இருக்கிறது. நமக்கு நள்ளிரவாக இருக்கும்போதும் அவ்வளவு உயரத்தில் அதற்கு வெயில். மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில் மட்டும் ஒவ்வோர் இரவும் நிழலுக்குள் போகும், அதிகமாகப் போனால் 72 நிமிடம். அந்த நேரத்துக்கு பேட்டரி. "இந்த வாரங்களிலா?" என்றார். இந்த வாரங்களில்தான் என்றேன்.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. நான் கிளம்பும் வரை படம் நிற்கவில்லை.